சொல்வது வேறு, ஏற்பது வேறு

‘நான் பெண்களை விரும்புகிறேன், அதனால் வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் என் அறைக்குள் வருவதில்லை. தூக்கம் வரவில்லை என்பார்கள். தலைவலி, வேலையில் கவனமில்லை, வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எதைக் கேட்டாலும் அழுகை வருகிறது என்பார்கள். சிலர் தோழி ஒருத்திக்காக விசாரிக்க வந்ததாகச் சொல்வார்கள். அந்தத் தோழிக்கு என்ன வயது, எங்கே வேலை, எப்போதிலிருந்து இப்படி என்று நானும் தோழியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பேன். சில வாரங்களில் தோழி காணாமல் போய், ‘நான்’ வந்து உட்காரும். அவசரப்படுத்தினால் தோழியும் வரமாட்டாள், இவளும் வரமாட்டாள்.

சென்னையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆவது பிரிவின் பல்லைப் பிடுங்கிய சமயத்தில் தொழிலுக்கு வந்தேன். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்லை மறுபடி கட்டிவிட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. அன்று எல்லாத் தொலைக்காட்சியிலும் வானவில் கொடி. அதற்குப் பிறகு வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. “இப்போ குற்றமில்லேங்கறாங்க மேடம். எனக்கு மட்டும் இன்னும் குற்றவாளி மாதிரியேதான் இருக்கு.”

அவள் சொன்னதில் ஆச்சரியப்பட எனக்கு எதுவுமில்லை. நானும் அப்படிப்பட்டவள்தான்.

பதினொன்றாம் வகுப்பில் விடுதியில் இருந்தேன். உடன் படித்த ஒருத்திக்கு நான் எழுதிய கடிதம் வார்டன் கையில் கிடைத்தது. மாலைப் படிப்பு நேரத்தில் எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்து, அவர் அதைச் சத்தமாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அப்பா வந்து அழைத்துப்போனார். ஊருக்குப் போகும் பேருந்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் மடித்து மடித்து விரல் நுனியளவுக்கு ஆக்கினார். பிறகு திருநீறு மந்திரித்தார்கள், கையில் கயிறு கட்டினார்கள். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்து, “காலாகாலத்துல கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்” என்றார். அந்தப் பெண்ணுக்கு அந்த வருடமே கல்யாணம் முடிந்தது.

உளவியல் படிக்கப் போனதற்கு என்னை நானே குணப்படுத்திக்கொள்ளும் ஆசையும் ஒரு காரணம். பாடத்திலோ நோயே இல்லை என்று இருந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை 1973இல் எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. இரண்டு தேதிகளையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். எழுதிவிட்டு விடுதிக்குத் திரும்புகிற வழியில் அதே வார்டனின் குரல் காதில் கேட்டது. தெரிந்துகொள்வதால் மட்டும் வெட்கம் கரைவதில்லை என்பதை அப்போதே பார்த்துவிட்டேன். இன்றும் படித்த, விவரமான, ஆங்கிலத்தில் இதைப் பற்றிய புத்தகங்களையெல்லாம் வாசித்துவிட்ட பெண்கள் வந்து அதே நாற்காலியில் தலை குனிந்துதான் உட்காருகிறார்கள்.

எனக்கு உதவியது வேறொன்று. சென்னைக்கு வந்த பிறகு, தெரிந்தவர் மூலமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் போன்ற பெண்கள் சிலர் கூடுகிற வீட்டுக்குப் போனேன். கண்ணீரும் பெரிய பேச்சுமாக இருக்கும் என்று நினைத்து, என்ன பேசுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். போனால், தண்ணீர் கேன் போடுகிறவர் வரவில்லை, யார் கீழே போய் எடுத்து வருவது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டே வீட்டு ஓனர் வாடகை ஏற்றியதைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “பூண்டு உரிப்பீங்களா?” என்றாள். உரித்தேன். அன்று மாலை வரை யாரும் என் கதையைக் கேட்கவில்லை. பலர் கண் முன்னால் என் மேல் ஏறிய வெட்கம், பலர் கண் முன்னால்தான் இறங்கத் தொடங்கியது.

இலான் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் தொழிலில் அடிக்கடி பேசப்படும். சிறுபான்மையாக இருப்பதாலேயே ஒருவர் மேல் கூடுதலாக ஏறும் மன அழுத்தத்தை அவர் அடுக்கடுக்காகப் பிரிக்கிறார். வெளியிலிருந்து வருகிற ஏச்சும் அடியும் ஒன்று. எப்போது ஏச்சு வருமோ என்று காத்திருப்பது ஒன்று. மறைத்து வைப்பதற்கே செலவாகிற தெம்பு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஊர் சொன்னதைத் தானே நம்பிவிடுவது. முதல் மூன்றுக்கும் சட்டமும் போலீசும் நல்ல அலுவலகமும் ஓரளவு மருந்து. நான்காவதுதான் என் அறைக்கு வருகிறது.

அதற்கு நான் செய்வது பெரிய வித்தை எதுவுமில்லை. ஒரு நோட்டு கொடுப்பேன். இடதுபக்கம், தன்னையே திட்டிக்கொள்ளும்போது மனசுக்குள் ஓடுகிற வாக்கியங்களை, ஓடுகிறபடியே எழுதச் சொல்வேன். வலதுபக்கம், அதை முதலில் யார் வாயிலிருந்து கேட்டாள் என்று எழுத வேண்டும். அப்படி எழுதிய ஒருத்தி, வங்கியில் வேலை பார்க்கிற பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வருகிற எல்லோருடைய அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ‘ஆம்பள மாதிரி நடக்காதே’ என்பதற்கு எதிரே அத்தை. ‘உன்னாலதான் தங்கச்சிக்கு வரன் அமையல’ என்பதற்கு எதிரே அம்மா. ‘அசிங்கம்’ என்பதற்கு எதிரே ஒரு சினிமா காமெடிக் காட்சி. தியேட்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் சிரித்தது உட்பட எழுதியிருந்தாள். எழுத எழுத ஒன்று புரியும். இவ்வளவு நாளும் தன் மனசாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்த குரல், நாலைந்து பேரின் பழைய பேச்சு.

அவள் நோட்டில் ஒரு வரிக்கு எதிரே மட்டும் வலதுபக்கம் காலியாக இருந்தது. ‘நான் அவளைக் கெடுத்துட்டேன்.’ அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே எழுதிக்கொண்டது.

இந்த வரியை நான் பல நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். பள்ளியிலோ கல்லூரியிலோ ஒருத்தி மேல் ஆசை, அவளுக்கும் ஆசை, விஷயம் வெளியே தெரிகிறது, அவளை அவசரமாகக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். தப்பித்து வந்தவள் அந்தப் பாவத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறாள். கட்டாயப்படுத்திக் கட்டிவைத்தவர்கள் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. இந்த வரியை நோட்டால் மட்டும் அழிக்க முடியாது. அந்த வயதில் எடுத்த போட்டோ இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். வங்கிப் பெண் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைக் கொண்டுவந்தாள். இரண்டாவது வரிசையில் இருந்த தன்னைக் காட்டினாள். “நீங்க எழுதியிருக்கிற வாக்கியத்தை இந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க” என்றேன். ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இவளுக்கு எண்ணெய் வெச்சு ரெட்டை ஜடை பின்னி விட்டிருக்காங்க மேடம். இவ போய் யாரைக் கெடுப்பா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அதற்கு முன்பும் அவள் என் அறையில் நிறைய அழுதிருக்கிறாள். தனக்காக அழுதது அன்றுதான்.

நம் பெண்களில் பலருக்கு மற்றவர்களிடம் கருணையாகப் பேச நன்றாக வரும், தன்னிடம் பேச வராது. தங்கை மகள் இதே விஷயத்தோடு வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் தயங்காமல் அழகாகப் பதில் வரும். அதையே தனக்குச் சொல்லச் சொன்னால் வாய் கட்டிவிடும். பிரிட்டனின் பால் கில்பர்ட் என்ற உளவியலாளர் இந்தத் தடையை வைத்தே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். வெட்கம் மிகுந்தவர்களுக்குத் தர்க்கம் புரிகிறது, ஆனால் அதைச் சொல்கிற உள்குரலின் தொனி கடுமையாகவே இருக்கிறது என்பது அவர் கவனித்தது. அதனால் என்ன சொல்கிறாள் என்பதோடு, எந்தத் தொனியில் சொல்கிறாள் என்பதையும் நான் காது கொடுத்துக் கேட்பேன். ‘நான் சாதாரணமானவதான்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. “செத்துடலாம்னு தோணியிருக்கா?” கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று புதிதாக வருகிற ஆலோசகர்கள் தயங்குவார்கள். தூண்டாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரிதான் பெரும்பாலும் பதில் வரும். அதன் பிறகு மற்ற வேலையெல்லாம் ஒதுங்கும். முதலில் உயிர், பிறகு அடையாளம்.

இனி, அதிகம் பேர் என்னோடு மல்லுக்கட்டுகிற இடத்துக்கு வருகிறேன். “வீட்ல சொல்லிடணுமா மேடம்? சொல்லாம இருந்தா நான் என்னை ஏத்துக்கலைன்னுதானே அர்த்தம்?” சினிமாவும் இணையமும் சேர்ந்து, அப்பா அம்மாவிடம் சொல்வதை ஒரு பட்டமளிப்பு விழாவாக ஆக்கிவைத்திருக்கின்றன. சொன்னவள் துணிச்சல்காரி, சொல்லாதவள் கோழை. நான் அப்படிப் பார்ப்பதில்லை. தன்னை ஏற்பதும் ஊரறியச் சொல்வதும் இரண்டு தனித்தனி வேலைகள். முதலாவதை அவள்தான் செய்ய முடியும், அதற்கு யார் சம்மதமும் வேண்டாம். இரண்டாவது, எதிரில் இருப்பவரையும் சேர்த்து யோசித்து எடுக்க வேண்டிய முடிவு.

சொல்ல விரும்புகிறவளிடம் நான் கேட்பவை எல்லாம் காய்ந்த கேள்விகள். சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வருகிறதா? ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? ஆதார், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் கையில் உள்ளனவா, வீட்டு பீரோவிலா? போனைப் பிடுங்கிவிட்டால் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றாவது இருக்கிறதா? பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு நாளில் பேசாவிட்டால் உங்களைத் தேடி வர ஒரு ஆள் உண்டா? இதில் பாதிக்கு மேல் ‘இல்லை’ என்றால், சொல்வதைத் தள்ளிப்போடலாம் என்பேன். அது கோழைத்தனமாகாது, முன்யோசனை.

இந்தக் கேள்விகள் கற்பனையாக வந்தவை அல்ல. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்கு வந்தார்கள். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்ததை நான் பயிற்சி வகுப்புகளில் எப்போதும் சொல்வேன். இந்த விஷயம் தனக்கு முழுதாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, பால் ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் எந்தச் சிகிச்சையையும் தடுக்கச் சொன்னது, போலீஸ் தொந்தரவையும் நிறுத்தச் சொன்னது. 2025 மே 22 அன்று அதே நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வின் முன் ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. பெற்றோர் வீட்டில் அடைத்து வைத்திருந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்காக அவளுடைய துணை போட்ட மனு. அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்றதோடு, குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் அமைவதல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட உறவும் குடும்பம்தான் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பால் ஜோடிகளுக்குத் திருமண உரிமையை மறுத்த பிறகு வந்த தீர்ப்பு என்பதால், என்னிடம் வருகிறவர்கள் இதை போனில் சேமித்து வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

மகள் வீட்டில் சொன்ன பிறகு வருகிறவர்கள் தாய்மார்கள். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அவள் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னா டாக்டர்?” என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்பதையும், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவள் சொன்னது அவளுக்குச் சொந்தம் என்பதையும் சொல்லி, அவர்களுக்குத் தனியாக நேரம் கொடுப்பேன். தனியாக வந்தால் கேள்விகள் கொட்டும். ஹார்மோன் கோளாறா? ஹாஸ்டலில் சேர்த்ததாலா? வயிற்றில் இருக்கும்போது சாப்பிட்ட மாத்திரையாலா? நான் வளர்த்தது தப்பா? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லைம்மா’ என்று பதில் சொல்லி முடித்தபின் அவர்களிடமும் அதே நோட்டைத்தான் நீட்டுவேன். ஓர் அம்மா இடதுபக்கம், ‘பொண்ணை ஒழுங்கா வளர்க்கத் தெரியாதவ’ என்று எழுதினார். வலதுபக்கம் எழுதுவதற்கு முன் சிரித்துவிட்டார். “எங்க நாத்தனார். கல்யாணமாகி வந்த புதுசுல, மக பொறக்கறதுக்கு முன்னாடியே சொன்னா.” மகளுக்கும் அம்மாவுக்கும் இடையில் அதுவரை இல்லாத ஓர் ஒற்றுமை அன்று கிடைத்தது. இருவரையும் அவமானப்படுத்தியது ஒரே கூட்டம்.

எல்லா அம்மாக்களும் இப்படித் திரும்புவதில்லை. மாற்றித்தர முடியாது என்று நான் சொன்னதும், மாற்றித்தருகிறவரைத் தேடிப் போனவர்களும் உண்டு. அதனால் மகளின் நிம்மதியை அம்மாவின் சம்மதத்தில் கட்டிவைக்க நான் விடுவதில்லை. அம்மா ஏற்றுக்கொண்டால் நல்லது. ஏற்காவிட்டாலும் மகள் வாழ வேண்டும், நன்றாகவே வாழ வேண்டும்.

நானும் இப்படிப்பட்டவள் என்று என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வேனா? தொழிலில் இதற்கு இரண்டு கட்சி உண்டு. ஆலோசகரின் வாழ்க்கை அறைக்குள் வரவே கூடாது என்பது ஒன்று. வருகிறவளுக்குப் பயன்படுமானால் சொல்லலாம் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. ‘என்னைப் போல யாரும் நாற்பதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்களா’ என்று ஒருத்தி நிஜமாகவே கேட்கும்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பேச்சை அவளிடமே திருப்பிவிடுவேன். என் கதையை அவள் சுமக்கக் கூடாது. ஆனால் நரைத்த தலையோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, சுகர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அப்படி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது சிலருக்கு ஒரு மாத சிகிச்சைக்குச் சமம்.

குணமாவது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நாற்பதுகளில் இருக்கிற ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்வேன். வீட்டு ஓனரிடம் அக்கா தங்கை என்று சொல்லித்தான் குடியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், தன்பால் உறவில் இருப்பவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாக வைக்கவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. தடை அதற்கு முன்பும் இல்லைதான். ஆனால் எழுத்தில் வந்ததைப் பார்த்தபிறகே இவர்களுக்குத் தைரியம் வந்தது. நாமினேஷன் படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் இளையவள் தயங்கியிருக்கிறாள். மூத்தவள் பேனாவை வாங்கி, ‘வாழ்க்கைத் துணை’ என்று தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கவுன்டரில் இருந்தவர் பான் கார்டு நகலில் கையெழுத்து விட்டுப்போனதை மட்டும் சுட்டிக்காட்டினாராம்.

வீட்டு ஓனருக்கு இன்றுவரை அவர்கள் அக்கா தங்கைதான். முன்பு அந்தப் பொய்யைச் சொல்லும்போதெல்லாம் இளையவளுக்கு வயிற்றைப் பிசையும். இப்போது அதே பொய்யைச் சொல்லிவிட்டு மாடியேறிப் போய்ச் சிரிக்கிறாள். மறைப்பதெல்லாம் வெட்கத்தால் மறைப்பதல்ல. யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்று தீர்மானிக்கிற உரிமை தன் கைக்கு வந்தபின் மறைப்பது வேறு வகை. அதற்கு அந்தரங்கம் என்று பெயர், எல்லாக் குடும்பங்களுக்கும் அது உண்டு.

இதைப் படித்துவிட்டு ஆலோசகர் ஒருவரிடம் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, தொழிலின் உள்ளே இருப்பவளாக ஒன்று சொல்ல வேண்டும். கவுன்சலிங் என்று போர்டு மாட்டியவர்கள் எல்லோரும் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல. முதல் நாளே மூன்று கேள்வி கேளுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? பெண்ணை விரும்பும் பெண்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? இதை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? மூன்றாவதற்கு ‘முயற்சி பண்ணிப் பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், ஃபீஸ் கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ‘மாற்ற’ முயல்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. வெட்கத்தோடு உள்ளே போகிறவளுக்கு, கேள்வி கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து வருவதே பெரிய சிகிச்சை. அதற்குப் பிறகு வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே, நிதானமாக, தன் வசதிப்படி முடிவு செய்துகொள்ளட்டும்.